ஒரே கதை, இரண்டு நீளம்: படமா, எபிசோடா?

கடைசிவரிசை

எட்டு எபிசோட் சீரிஸ் ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு, "இதை இரண்டு மணி நேரப் படமாக எடுத்துத் தொலைத்திருக்கலாமே" என்று புலம்பாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். நானும் புலம்புகிறவன்தான். வெறுமனே புலம்புவதைவிட, ஒரே கதை இரண்டு நீளத்தில் வந்திருக்கிற படைப்புகளை எடுத்துவைத்து எது தேறியது, எது சொதப்பியது என்று பார்த்தால் சண்டை போடவாவது ஒரு ஆதாரம் கிடைக்கும். முடிவுகளையும் சேர்த்தே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் 'டூயல்'. 1971ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக ஸ்பீல்பெர்க் எடுத்தது. ஒருவன் காரில் போகிறான், ஒரு பழைய டேங்கர் லாரி அவனைத் துரத்துகிறது, கதை அவ்வளவுதான். லாரி ஓட்டுபவனின் முகத்தைக் கடைசிவரை காட்ட மாட்டார்கள். ஒரு கை, ஒரு ஜோடி பூட்ஸ், அதோடு சரி. டிவியில் வந்தபோது 74 நிமிடம். வெளிநாட்டுத் தியேட்டர்களில் ஓட்டுவதற்கு அந்த நீளம் போதாது என்று பிறகு சில காட்சிகளை எடுத்துச் சேர்த்து 90 நிமிடம் ஆக்கினார்கள். இப்போது நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த 90 நிமிடப் பிரதி.

சேர்த்த காட்சிகளில் ஒன்று, நாயகன் வழியில் இறங்கி மனைவிக்கு ஃபோன் செய்வது. ஒரு பெண் துணி உலர்த்தும் மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவைத் திறப்பாள், அந்த வட்டத்துக்குள் இவன் பேசிக்கொண்டிருப்பான். ஃபிரேம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சிலிருந்து, முந்தின இரவு விருந்தில் மனைவியிடம் ஒருவன் அத்துமீறியபோது இவன் சும்மா இருந்துவிட்டான் என்று தெரியவருகிறது. போச்சு! அதுவரை அந்தக் காரில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், நான்கூட. இந்த ஃபோனுக்குப் பிறகு இவன் 'தைரியமில்லாதவன்', லாரி இவனுக்கு வந்த 'சோதனை' என்று ஆகிவிடுகிறது. காரணமே இல்லாமல் துரத்தியதில் இருந்த பயம் அங்கேயே பாதி செத்துப்போகிறது.

அதே சமயம் பள்ளிப் பேருந்துக் காட்சியும் அப்படிப் பிறகு சேர்த்ததுதான். அது தங்கம். நின்றுபோன பேருந்தைத் தன் காரால் தள்ளிவிடப் பார்க்கிறான், காரின் முகப்பு பேருந்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது, உள்ளே இருக்கிற பிள்ளைகள் பழிப்புக் காட்டுகிறார்கள். தூரத்தில் லாரி வந்து நிற்கிறது. பிள்ளைகளைப் பேருந்துக்குள் போகச் சொல்லி இவன் கத்துகிறான், பிறகு காரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். லாரி நிதானமாக வந்து அந்தப் பேருந்தைத் தள்ளி உதவி செய்கிறது. இதைவிட வயிற்றைக் கலக்குகிற காட்சி அந்தப் படத்தில் இல்லை. ஊருக்கெல்லாம் நல்லவன், இவனுக்கு மட்டும் எமன்.

ஆக, நீளம் கூடுவது குற்றமில்லை. கூடிய நிமிடங்கள் விளக்கத்துக்குப் போனதா, சம்பவத்துக்குப் போனதா என்பதுதான் என் அளவுகோல். இதை வைத்து உங்கள் பட்டியலைப் போடுங்கள்.

ரீல்பெட்டி

அளவுகோல் நன்றாக இருக்கிறது, ஆனால் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' அதற்குள் அடங்காது தலைவரே. கொலை வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்ல ஒரே அறையில் கூடுகிற பன்னிரண்டு ஜூரிகளின் கதை. அது படம் என்றுதான் பலருக்கும் தெரியும். 1954ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரலை நாடகமாக வந்தது அது. எழுதியவர், படத்தையும் எழுதிய அதே ரெஜினால்ட் ரோஸ். அந்த ஒளிபரப்பின் முழுப் பிரதி 2003ல்தான் கிடைத்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள் பன்னிரண்டு பேரும் வந்து, கத்தி, ஓட்டுப் போட்டு, மனம் மாறிக் கிளம்பிவிடுகிறார்கள். 1957 படத்துக்கு ஓட்டம் 96 நிமிடம். அதிலும் அதே அறை, அதே மேஜை, அதே கத்தி. ஒன்பதாம் ஜூரியாகவும் பதினோராம் ஜூரியாகவும் நடித்தவர்கள்கூட அதே இருவர்தான்.

கூடிய நேரம் எங்கே போனது? பாதிக்குமேல் அந்த ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் போகிறது. யார் என்ன தொழில், யாருக்கு மகனோடு சண்டை, யார் குற்றம் சாட்டப்பட்ட பையனைப் போலவே குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். உங்கள் கணக்கில் இதெல்லாம் 'விளக்கம்'. ஆனால் அந்த விளக்கம் இல்லாவிட்டால் கடைசியில் மூன்றாம் ஜூரி உடைந்து அழுவதற்கு அர்த்தமே கிடையாது. நாடகத்தில் அவர் விட்டுக்கொடுக்கிறார். படத்தில் அவர் நொறுங்குகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் சிட்னி லூமெட் அந்தப் படத்தில் கேமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலே வைத்து ஆரம்பித்து, நடுவில் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கடைசிப் பகுதியைக் கீழேயிருந்து எடுத்தார். லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக நீளமானதாக மாற்றிக்கொண்டே போனார். சுவர் நெருங்கிவருகிறது, கூரை தெரிய ஆரம்பிக்கிறது. அறை சுருங்குவதை நாம் உணர்வதற்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது நடக்காது.

நள்ளிரவுக்காட்சி

நேரம் வேண்டும் என்றதும் எனக்கு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கதையான 'தாஸ் போட்' தான் ஞாபகம் வருகிறது. 1981ல் தியேட்டருக்கு வந்த படம் 149 நிமிடம். அதே படப்பிடிப்பிலிருந்து சுமார் ஐந்து மணி நேரத் தொலைக்காட்சி வடிவமும் வந்தது. நான் இரண்டையும் பார்த்தேன். படம் போர்ப் படம். டிவி வடிவம் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அடைந்து கிடப்பதைப் பற்றியது.

ஐந்து மணி நேரத்தில் முக்கால்வாசி ஒன்றுமே நடக்காது. தாடி வளரும், ரொட்டியில் பூஞ்சை பிடிக்கும், பாட்டுப் போடுவார்கள், ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகலான வழியில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். சம்பவம் குறைவு, விளக்கமும் குறைவு. காத்திருப்பு மட்டும்தான். ஜிப்ரால்டர் பக்கம் கப்பல் கடலடியில் போய் உட்கார்ந்து, அழுத்தம் தாங்காமல் போல்ட்டுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரித் தெறிக்கும்போது, அவ்வளவு நேரம் காத்துக் கிடந்தவனுக்குத்தான் அது உடம்பில் விழும்.

கடைசிவரிசை அவர்களே, உங்கள் அளவுகோலில் 'சம்பவம்', 'விளக்கம்' இரண்டோடு 'சும்மா இருப்பது' என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதிப்படம்

அமெரிக்கா, ஜெர்மனி என்று சுற்றியது போதும், தமிழுக்கு எப்போது வருவீர்கள்? இங்கே எட்டு எபிசோடில் ஆறு எபிசோட் ஜவ்வு. அதைப் பேசுங்கள்.

கடைசிவரிசை

வருகிறேன். ரீல்பெட்டி சொன்ன மூன்றாம் ஜூரியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அவருடைய மகனைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. பர்ஸிலிருந்து ஃபோட்டோ விழுகிறது, அவர் அதைக் கிழிக்கிறார், பிறகு அழுகிறார். கையில் நடக்கிற வேலை அது. அதை நான் சம்பவக் கணக்கில்தான் எழுதுவேன்.

சரி, தமிழ். ஒரே கதையின் இரண்டு நீளம் என்று நம்மிடம் பெரிதாக இல்லை. ஆனால் ஒரே உத்தி இரண்டு நீளத்தில் இருக்கிறது. 1954ல் வந்த படம் 'அந்த நாள்', 2022ல் வந்த சீரிஸ் 'வதந்தி'. இரண்டுமே ஜப்பானியப் படமான 'ரஷோமான்' காட்டிய வழியில் போகிறவை. ஒரு கொலை, ஆளுக்கொரு கதை.

'அந்த நாள்' படத்தில் எஸ். பாலசந்தர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே குண்டு பட்டு விழுந்துவிடுகிறார். பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில் ஏவி.எம். இதைத் தயாரித்திருக்கிறது! விசாரணை அதிகாரி ஜாவர் சீதாராமன் வீட்டுக்குள் நடந்துகொண்டே ஒவ்வொருவரையும் கேட்கிறார். அண்டைவீட்டுக்காரர் ஒரு கதை சொல்கிறார், தம்பி ஒரு கதை, தம்பி மனைவி ஒரு கதை. ஒவ்வொரு கதையும் முடியும் இடத்தில் அதே வெடிச்சத்தம், அதே விழுகை. சொல்கிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கிறார் என்பது நமக்கே புரிகிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மனைவியாக வரும் பண்டரிபாயின் முறை வரும்போதுதான் அந்த வீட்டில் இரண்டாம் உலகப் போர் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று தெரிகிறது.

'வதந்தி'யில் எஸ்.ஜே. சூர்யா கலக்கியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாவது ஆளின் கதை தொடங்கும்போதே, 'இதுவும் பொய்யாகத்தான் இருக்கும்' என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் முழு எபிசோடையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பொய் சுருக்கமாக இருந்தால் அதில் சுவை உண்டு. ஐம்பது நிமிடப் பொய்யை எத்தனை முறை கேட்பது?

மழைத்திரை

இதற்கு நான் கண்டிப்பாகப் பதில் சொல்லியாக வேண்டும். 'வதந்தி'யின் நோக்கமே நீங்கள் குறை சொல்கிற விஷயம்தான். செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் வெலோனி வேறொரு பெண்ணாகத் தெரிகிறாள். ஒருவன் சொன்னதில் வஞ்சகி, இன்னொருவன் சொன்னதில் அப்பாவி. நாமும் அதைக் கேட்டுக்கேட்டு, நம்பி, பிறகு மாற்றிக்கொள்கிறோம். இரண்டு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் அது வெறும் புதிர். எட்டு எபிசோடில், வாயை மென்ற கூட்டத்தில் நாமும் ஒருவர் ஆகிறோம். 'அந்த நாள்' படத்தில் கேள்வி 'யார் கொன்றது?'. இதில் 'யார் இந்தப் பெண்?'. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

இழுவை என்று நீங்கள் திட்டவேண்டிய சீரிஸ்கள் வேறு நிறைய இருக்கின்றன. நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால் 'அயலி' சீரிஸைச் சொல்லுங்கள். எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் சிறியது. பெண் பூப்படைந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கிற கிராமம். டாக்டராக ஆசைப்படுகிற தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். மறைப்பு என்பது ஒரு நாள் வேலை கிடையாது, மாதாமாதம் வரும். அதனால் அந்தக் கதைக்கு எபிசோட் வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு புது ஆபத்து, ஒரு புதுத் தந்திரம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, அவளும் மறைக்கிற பக்கம் சேர்ந்துகொள்கிற இடம் இருக்கிறதே, அங்கே என்னால் உட்கார முடியவில்லை. அம்மாவாக வரும் அனுமோல் வாயைத் திறந்து எதுவும் பேசுவதற்கு முன்பே முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கடைசி எபிசோடில் மட்டும் பிரசங்கம் கொஞ்சம் தூக்கல். அதுவரை சுத்தம்.

ஓரப்பார்வை

மறைப்பது என்றதும், வால்ட்டும் ஜெஸ்ஸியும் கூட்டாகப் போதைப்பொருள் தயாரிக்கிற அமெரிக்க சீரிஸ் 'பிரேக்கிங் பேட்' நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் சீசனின் 'ஃப்ளை' எபிசோடைப் பற்றி இங்கே என்ன அபிப்பிராயம்?

பாதிப்படம்

ஃபில்லர், சும்மா இடம் நிரப்புகிற எபிசோட். ஒரு ஈயை இரண்டு பேர் முழு எபிசோடும் துரத்துகிறார்கள். பணம் இல்லை என்று ஒரே செட்டில் எடுத்தார்களாம், எடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கதை ஒரு அடிகூட நகரவில்லை. அடுத்த கேள்வி.

ஓரப்பார்வை

பட்ஜெட் காரணமாக ஒரே இடத்தில் எடுத்தது உண்மைதான். ஆனால் அந்த ஏணிக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகத் திரும்பப் பாருங்கள். ஈயைப் பிடிக்க ஜெஸ்ஸி மேலே ஏறி நிற்கிறான். வால்ட் கீழே ஏணியைப் பிடித்திருக்கிறான். ஜெஸ்ஸி காபியில் கலந்து கொடுத்த தூக்க மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, வால்ட்டுக்கு வாய் குழறுகிறது. ஜெஸ்ஸியின் காதலி ஜேன் செத்ததற்காக வருந்துகிறேன் என்கிறான். அவள் சாகும்போது இவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் என்பது நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் எல்லாம் முடிந்தது. ஜெஸ்ஸி மேலே ஆடிக்கொண்டிருக்கிறான், ஏணி இவன் கையில். கதை நகரவில்லை என்கிறீர்கள், எனக்கு மூச்சே நகரவில்லை.

இதை இயக்கிய ரையன் ஜான்சன்தான் ஐந்தாம் சீசனின் 'ஓஸிமேண்டியஸ்' எபிசோடையும் இயக்கினார். அதில் எல்லாமே நடக்கும், ஒரு சீசனுக்கு வேண்டிய இடி ஒரே எபிசோடில் விழும். ஜேனைப் பற்றிய அந்த உண்மையை வால்ட் ஜெஸ்ஸியிடம் சொல்வதும் அதில்தான், அதுவும் வேண்டுமென்றே, அவனைக் குத்திக் கிழிப்பதற்காக. 'ஃப்ளை'யில் வருத்தத்தோடு விழுங்கிய வாக்கியத்தை இங்கே கத்தியாக எடுக்கிறான். முன்னதை ஃபில்லர் என்று தாண்டிப் போனவர்களுக்குப் பின்னது பாதிதான் கிடைத்திருக்கும்.

பாதிப்படம்

சரி, ஏணிக் காட்சி நல்ல காட்சி. அதற்கு முன்னால் வருகிற ஈயடிப்பு அரை மணி நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்காட்சி

ஈயாவது கண்ணுக்குத் தெரிந்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் 'தி லாங் நைட்' என்று 82 நிமிடத்துக்கு ஒரு எபிசோட் வந்ததே, அந்த இருட்டில் யார் யாரை வெட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒளிப்பதிவாளரைக் கேட்டால், உங்கள் டிவி செட்டிங்கைச் சரிசெய்யுங்கள் என்றார். படம் நீளத்துக்கு எபிசோட் எடுத்தவர்கள், தியேட்டர் இருட்டையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

மழைத்திரை

:) இடைவெளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எபிசோடுக்கும் எபிசோடுக்கும் நடுவில் நம் மண்டைக்குள் ஓடுகிறதே, அதுவும் கதையின் ஒரு பகுதிதான். பெர்க்மனின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' 1973ல் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆறு எபிசோடாக வந்தது. பிறகு அதையே வெட்டித் தியேட்டருக்கு ஒரு படமாகக் கொடுத்தார்கள்.

மூன்றாவது எபிசோடில் கணவன் வீட்டுக்கு வந்து, வேறொருத்தியோடு போகப்போகிறேன், நாளைக் காலையில் கிளம்புகிறேன் என்கிறான். மனைவி கத்தவில்லை. அவனுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுக்கிறாள்! காலையில் அவன் போன பிறகு ஒரு நண்பருக்கு ஃபோன் செய்கிறாள், அவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. எபிசோட் அங்கே முடிகிறது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஃபோனோடு ஒரு வாரம் கிடக்கவேண்டிய நிலை. படத்தில் அந்த இடம் முடிந்ததும் அடுத்த கட்டம் வந்துவிடுகிறது, அவளுக்கும் நமக்கும் ஆறுவதற்கு நேரமே கிடையாது. வெட்டியது நிமிடங்களை மட்டுமில்லை.

இப்போது ஓடிடியில் எல்லா எபிசோடையும் ஒரே நாளில் கொட்டுகிறார்கள். எபிசோடாக எடுத்ததைக்கூட நாமே நீளப் படமாக்கி விழுங்கிவிட்டு, 'இழுவை' என்கிறோம்.

ரீல்பெட்டி

ஒரே எபிசோடில் முடிந்துபோகிற கதைகளையும் கணக்கில் எடுங்கள். பாலு மகேந்திரா சன் டிவிக்காகச் செய்த 'கதை நேரம்'. தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து, ஒரு கதைக்கு ஒரு எபிசோட். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், சிலது அவசர வேலை. ஆனால் சிறுகதைக்கு அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தொலைக்காட்சி அந்தப் பாதையில் போகாமல் ஆயிரம் எபிசோட் மெகா சீரியல் பக்கம் போய்விட்டது.

அவரிடம் அந்தச் சமயத்தில் உதவியாளராக இருந்த வெற்றிமாறன், 2020ல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் 'ஓர் இரவு' எடுத்தார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் கர்ப்பமாக இருக்கிறாள், வளைகாப்பு செய்யலாம் வா என்று அப்பா வீட்டுக்கு அழைத்து வருகிறார். பிரகாஷ்ராஜும் சாய் பல்லவியும். அப்பா கொடுத்த விஷம் உள்ளே போன பிறகு படம் எங்கேயும் ஓடாமல் அங்கேயே நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அப்பா. இரண்டரை மணி நேரப் படமாக இருந்தால் நடுவில் காதல் எப்படி வந்தது என்று ஒரு ஃப்ளாஷ்பேக், ஒரு பாட்டு, கோர்ட்டில் ஒரு வசனம் எல்லாம் வந்து நமக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். இதில் கிடையாது. நான் மறுபடியும் பார்க்கப்போவதில்லை, ஆனால் அந்த நீளம் சரியான நீளம்.

ஓரப்பார்வை

டிவிக்கென்று எடுத்து, டிவி வேண்டாமென்றதால் படமான கதையை விட்டுவிட்டோமே. டேவிட் லிஞ்ச்சின் 'முல்ஹாலண்ட் டிரைவ்'. ஏபிசிக்காக எடுத்த தொடக்க எபிசோட், அவர்களுக்குப் பிடிக்காமல் கிடப்பில் போட்டார்கள். பிறகு பிரான்ஸிலிருந்து பணம் வந்து, மேற்கொண்டு எடுத்துச் சேர்த்து, 2001ல் படமாக வந்தது. சீரிஸுக்காக விதைத்த எத்தனையோ கிளைக்கதைகள் படத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒரு துப்பறிவாளர் வருவார், பிறகு ஆளையே காணோம். வேறு படமாக இருந்தால் ஓட்டை என்போம். இதில் கனவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. பிறகு எடுத்த கடைசிப் பகுதிதான் முன்னால் வந்ததையெல்லாம் கனவாக மாற்றுகிறது. இதில் சேர்த்தது விளக்கம்தானே கடைசிவரிசை? அதுதானே படத்தைக் காப்பாற்றியது?

கடைசிவரிசை

அது விளக்கமென்றால் இத்தனை வருடமாக ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

நான் கடைசிக்கென்று வைத்திருந்தது கீஸ்லோவ்ஸ்கியின் 'டெகலாக்'. போலந்துத் தொலைக்காட்சிக்காகப் பத்து எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு முன்னே பின்னே. அதில் ஐந்தாவதையும் ஆறாவதையும் நீட்டி 1988ல் தனிப் படங்களாகவும் கொடுத்தார். ஆறாவதில் ஒரு பையன், எதிர்க் கட்டடத்தில் இருக்கும் பெண்ணைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு விஷயம் தெரிந்து, அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறாள். அவன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். பிழைத்துவிடுகிறான்.

எபிசோட் முடிவில் அவள் தபால் நிலையத்தில் அவனுடைய கவுண்டருக்குப் போய் நிற்கிறாள். இனிமேல் உங்களைப் பார்ப்பதில்லை என்கிறான். முடிந்தது. படத்தில் வேறு முடிவு. அவள் அவனுடைய அறைக்கு வந்து, அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தன் வீட்டைப் பார்க்கிறாள். ஒரு இரவு மேஜையில் பால் கொட்டி அவள் அழுதுகொண்டிருந்தது தெரிகிறது. இப்போது அந்தக் காட்சிக்குள் அவன் வந்து அவளைத் தேற்றுகிறான்.

எல்லோரும் பட முடிவைத்தான் கொண்டாடுகிறார்கள். அழகு என்றால் அதுதான் அழகு. என் ஓட்டு எபிசோடுக்கு. பட முடிவில் அவளுக்கு ஆறுதல் கிடைத்துவிடுகிறது, கற்பனையில்தான் என்றாலும். எபிசோடில் அவள் கவுண்டருக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். அவள் செய்ததற்கு அந்தக் கண்ணாடித் தடுப்புதான் பொருத்தம்.

மழைத்திரை

எனக்கு நேர்மாறு. எபிசோட் அவளைத் தண்டித்துவிட்டுக் கிளம்புகிறது. படத்தில்தான் அவள் முதல்முறையாக அவன் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், பார்ப்பவனுக்கும் வலித்திருக்கும் என்று புரிந்துகொள்கிறாள். அதற்கு அந்தக் கூடுதல் நிமிடங்கள் தேவைதான். உங்கள் கணக்கிலேயே பாருங்கள், தொலைநோக்கியில் கண் வைப்பது சம்பவம்தானே?

கடைசிவரிசை

சம்பவம்தான். அதனால்தான் பிடிக்கவில்லை என்று சொல்லாமல், ஓட்டு எங்கே என்று மட்டும் சொன்னேன்.

நள்ளிரவுக்காட்சி

இந்த இரண்டில் எதை முதலில் பார்ப்பது? நான் இன்னும் எதையும் தொடவில்லை. முடிவை வேறு எல்லோரும் சொல்லித் தொலைத்துவிட்டீர்கள்.

மழைத்திரை

எபிசோடை முதலில் பாருங்கள், இரண்டு நாள் விட்டுவிட்டுப் படம். ஐந்தாவதையும் அப்படியே செய்யலாம், ஆனால் அதில் ஒரு கொலை இருக்கிறது, சீக்கிரம் முடியாது. மனசு தெம்பாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போடுங்கள்.